இருபத்தேழு படங்களில் நான்

ராஹே, ஜூன் 3

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஐலி அக்காவுக்கு, தம்பி ஊர்ஹோ எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் போன கடிதத்தில் இருந்ததைவிடக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் பணி ஓய்வு விழா எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். நடந்தது. இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உன்னைத் தவிர வேறு யாரிடம் போய்ப் புலம்புவேன்?

கல்லூரியில் முப்பத்தாறு வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பியிருந்தால் போதும், போயிருப்பேன். எங்கள் முதல்வர் ஹில்க்கா அம்மையார் விடவில்லை. மேடையேறிப் படிக்கத் தொடங்கினார். "பரிசோதனைக் கூடத்தில் இவர் ஒரு குடுவையைக்கூட உடைத்ததில்லை" என்றார். போன வருடம் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியருக்கு எழுதிய உரை, அக்கா! பெயரை மாத்திரம் மாற்றியிருக்கிறார்கள். சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நம் ஆட்கள்தான் உனக்குத் தெரியுமே, காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து, தாழ்வாரத்துச் சுவரில் ஒரு திரை. என் பழைய மாணவர்கள் இருபத்தேழு பேர், ஆளுக்கொன்றாக, என்னை நினைவிலிருந்து வரைந்து அனுப்பியிருக்கிறார்களாம். கயிற்றை இழுத்தால் திரை நகரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் நானே நாற்காலிமேல் ஏறி, எனக்கான மரியாதையை நானே திறந்துவைத்தேன்.

திறந்தால், ஒன்றில்கூட நான் இல்லை. ஒருத்தன் எனக்குத் தாடி வைத்திருந்தான். என்றைக்கு அக்கா நான் தாடி வைத்தேன்? ஒன்று கடல்சிங்கம் மாதிரி. ஒன்று அப்படியே உடற்பயிற்சி ஆசிரியர், அந்த மனிதரே அதன் முன்னால் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பேச்சு கேட்டது.

"இது யாரு?"

"தெரியலயே. கோட்டு மட்டும் அவரோடது மாதிரி இருக்கு."

முப்பத்தாறு வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொன்னது ஒன்றே ஒன்று: முதலில் பார், அப்புறம் வரை. ஆனால் என்னை ஒருவர்கூடப் பார்த்ததில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தேன். ஜூன் மாதத்தில் பனிமழை, அதற்கும் அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. அங்கே பேருந்தை நிறுத்திவிட்டு, சீருடையோடு ஒருத்தி இறங்கி ஓடிவந்தாள். ஸோய்லி. இருபது வருடத்துக்கு முன் என் மாணவி, இப்போது எட்டாம் எண் பேருந்து ஓட்டுகிறாள்.

"சார், கெளம்பிட்டீங்களா? என் படத்தப் பாத்தீங்களா?"

"எதும்மா உன்னுது?"

"மூஞ்சியே இல்லாதது."

"அதையும் பாத்தேன். மத்தவங்க தப்பா ஒரு மூஞ்சியாவது போட்டாங்க. உனக்கு அதுக்குக்கூட மனசு வரலையா?"

"பாத்தாத்தானே சார் போடுவேன்! மூணு வருஷமும் எனக்குப் பின்னாடியேதான் நின்னீங்க. தோளுக்கு மேல ஒரு கை வரும், பென்சிலப் புடுங்கும், ஒரு கோடு போடும், போயிரும். திரும்பிப் பாத்தா, 'என்னை ஏன் பாக்குற, தாளைப் பாரு'ம்பீங்க."

திரும்பி உள்ளே போனேன், ஸோய்லியும் கூடவே வந்தாள். முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தேன். சின்ன வயதில் நீ கதவில் வைத்து நசுக்கினாயே, என் வலது சுண்டுவிரல், அந்தக் கோணல் விரல் இருபத்தேழு படத்திலும் இருந்தது. தாடிக்காரனுக்கும் இருந்தது, கடல்சிங்கத்துக்கும் இருந்தது. ஸோய்லியின் படத்தில் மட்டும் அந்த விரலின் வளைவு கொஞ்சம் தப்பாகப் பட்டது. பையிலிருந்த பென்சிலை எடுத்து, அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி ஒரு கோடு போட்டுவிட்டேன்.

"பாருங்க, பாருங்க, இதான்!" என்று அவள் கத்தினாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. ராஹேயில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

சிரிப்பு முடிந்தது, கேக் முடிந்தது, எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து என்னை நானே வரையப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனி பென்சிலைத் தொடுவதில்லை. குவோப்பியோவுக்கு உன் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். நீராவிக் குளியலறைக்குப் பின்னாலுள்ள அறையை எனக்கு ஒழித்து வை. அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் இந்தக் கோடையாவது வெயிலோடு அமையட்டும்.

உன் தம்பி,
ஊர்ஹோ

பி.கு.: அறையை ஒழிக்க வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் முதல்வர் கூப்பிட்டுவிட்டார். என் இடத்துக்கு வரவிருந்தவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம், ஆகஸ்டிலிருந்து இன்னும் ஒரு வருடம் நானே வர வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று முதல்வரிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. ஓய்வு பெறாதவரின் படத்தை மாட்டும் வழக்கம் இல்லை என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். ஸோய்லியுடையதை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். இன்று காலை ஜன்னலோரம் என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் போட்டிருந்த வளைவுதான் சரி.