கொப்புளம் வராத கால்

ஹேமநாதன் பொய் சொல்லி முடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவன் அம்மா கன்னியம்மாள் அவனுடைய வெள்ளை வேட்டியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் சொன்னது சின்னப் பொய்தான். “அம்மா, சனிக்கிழமை திருப்பதி போய்ட்டு வரேன்.” திருத்தணிக்காரன் திருப்பதி போகிறேன் என்றால், முனைக்கடைக்குத் தேங்காய் வாங்கப் போகிறேன் என்கிற மாதிரி. ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுவும் புரட்டாசியில் கேட்கவே மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் பையன் வாயைத் திறந்தான்.

போக வேண்டியது பெங்களூருக்கு. சனிக்கிழமை சாயந்தரம் அங்கே ‘ஏழாம் நடைமேடை’ என்ற பாட்டுக் குழுவின் நிகழ்ச்சி. அந்தக் குழுவில் அனுசுயா என்று ஒரு பெண் டிரம்ஸ் வாசிக்கிறாள். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் ஹேமநாதனுக்கு டிரம்ஸ் என்றால் உயிர். சொந்தமாக ஒரு குச்சிகூடக் கிடையாது. டம்ளர், கல்லூரி பெஞ்சு, நண்பன் ராஜீவின் ஹெல்மெட், சில சமயம் ஹெல்மெட்டுக்குள் ராஜீவ் இருக்கும்போதே ஹெல்மெட், எல்லாவற்றிலும் வாசித்துப் பார்த்தாயிற்று. நிஜ டிரம்ஸை ஒருவர் நிஜமாக வாசிப்பதை மட்டும் இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இருபது வயசில் அவன் கேட்டது அவ்வளவுதான்.

வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்பீர்கள். ராஜீவ் அப்படித்தான் சொன்னான். “சரி, குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ” என்றார்களாம் அவன் வீட்டில். எல்லா வீட்டிலும் ராஜீவின் அப்பாவா இருக்கிறார்?

ஹேமநாதனின் நைனா கோதண்டபாணி, கரும்பு ஆலையில் எடை மேடைக் கிளார்க். லாரிகளை எடை போட்டுப் போட்டு மனிதரின் முகமும் கொஞ்சம் கனத்துப் போயிருந்தது. சாப்பிடும்போது பிள்ளையின் விரல் தட்டில் லேசாகத் தாளம் போட்டாலே ஆரம்பித்துவிடுவார்.

“இன்னாடா இது, சோத்துத் தட்டுல? பாட்டு, கூத்து, டமாரம், இதெல்லாம் நம்ம வம்சத்துலயே கிடையாது. இவனுக்கு எங்கேருந்துதான் ஒட்டிக்கிச்சோ!”

அது போதாதென்று எதிர்வீட்டு ஜெயம்மாள். ஒருநாள் அவன் ஃபோனில் அனுசுயாவின் படத்தைப் பார்த்துவிட்டாள்.

“யாரு கண்ணு இந்தப் பொண்ணு?”

“டிரம்ஸ் வாசிக்கறவங்க அத்தே.”

“எந்த ஊரு?”

“பெங்களூரு.”

“ஆங்ங்...” என்று அவள் இழுத்த இழுப்பு தெருமுனை வரைக்கும் போயிற்று. ஜெயம்மாளுக்கு ஊர்கள் பற்றி ஒரு சித்தாந்தம் உண்டு. “பெங்களூருக்குப் போற பையன் ரெண்டே காரணத்துக்குத்தான் போவான். ஒண்ணு வேலை. இவனுக்கு வேலை இல்ல.”

அதனால்தான் திருப்பதி.

“வேட்டி எதுக்கும்மா? பஸ்ஸுல போய் பஸ்ஸுல வரப்போறேன்” என்றான்.

“மொட்டை போட்டுக்கினு பேன்ட்டா மாட்டுவ?”

“மொட்டையா? யாருக்கு?”

“நீ பிளஸ் டூ கணக்குல பாஸானா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். ரெண்டு வருஷமா பாக்கி நிக்குது.”

“யாரு முடிய வேண்டிக்கின?”

“கணக்கு எழுதுனது நீ. அப்புறம் என் முடியவா குடுப்பாங்க?”

ஹேமநாதன் தலையைத் தடவிக்கொண்டான். நெற்றியில் விழுகிற அந்த முடியை வளர்க்க எட்டு மாசம் ஆகியிருந்தது. போகட்டும், முடிதானே, முளைத்துக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

“திருப்பதியா? நானும் வரேன். துணைக்கு ஒரு பெரிய மனுஷி வேணாமா?” என்றாள் ஜெயம்மாள்.

ஜெயம்மாளோடு பஸ் ஏறினால் பஸ் நிஜமாகவே திருப்பதிக்கல்லவா போகும்! அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி என்பது ஹேமநாதனுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது.

“பஸ்ஸுல இல்ல அத்தே. நடந்து போறேன்.”

தப்பித்தோம் என்று நினைத்தான். அங்கேதான் மாட்டிக்கொண்டான். பஸ்ஸில் போகிறவன் வெறும் பையன். நடந்து போகிறவன் அடியார். கன்னியம்மாளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “என் புள்ளையா! அப்படியே அவங்க நைனா மாதிரி!” என்று அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

கோதண்டபாணியும் வருஷா வருஷம் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமைக்குத் திருப்பதிக்கு நடந்து போகிறவர். தனியாகத்தான் போவார். திங்கட்கிழமை மொட்டைத் தலையும் நான்கு லட்டுமாகத் திரும்பி வருவார்.

“எத்தினி வருஷமா நடக்கறாரு, காலுல ஒரு கொப்புளம் வந்ததில்ல தெரியுமா? அப்படியே பூ மாதிரி இருக்கும். அதுக்கெல்லாம் பக்தி வேணும்” என்று கன்னியம்மாள் தெருவுக்கே சொல்வாள். இப்போது அவளுக்கு ஒரு யோசனை உதித்தது.

“ஏங்க, ஒரு வாரம் முன்னாடியே கிளம்புங்களேன். அப்பனும் புள்ளையும் சேந்து நடங்க.”

காபி குடித்துக்கொண்டிருந்த கோதண்டபாணிக்குப் புரையேறியது. அவர் இருமி முடிப்பதற்குள் ஹேமநாதனுக்கு உயிர் போய் வந்தது.

“வேணாம், வேணாம். ரெண்டு பேரு சேந்து நடந்தா பேச்சுதான் வளரும், பக்தி வளராது” என்றார்.

“நைனா சொல்றது கரெக்டும்மா” என்றான் ஹேமநாதன். அப்பாவும் பிள்ளையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்ததால் கன்னியம்மாளும் அதோடு விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குத் தெருவே வாசலில் நின்றது. பையன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டு மோனிஷா, பரீட்சையில் தேற வேண்டும் என்று சீட்டு எழுதிக் கையில் திணித்தாள். ஜெயம்மாள் அவன் காலில் விழப்போய், முழங்கால் மடங்காமல் பாதியில் நின்றுகொண்டாள். “அத்தே, அத்தே!” என்று அவன் தாங்கிப் பிடித்தபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இத்தனை பேருடைய அன்பையும் ஏமாற்றிக்கொண்டு போகிறோமே என்று நெஞ்சு உறுத்தியது. கூடவே, பெங்களூர் வண்டி அரக்கோணத்தை விட்டுப் போய்விடுமே என்றும் உறுத்தியது.

கோதண்டபாணி அவனைத் தனியே கூப்பிட்டார். சாதாரணமாக அவ்வளவு நெருங்கி நின்று பேச மாட்டார்.

“மொட்டைய மறந்துடாத. லட்டையும் மறந்துடாத. அது ரெண்டும் இருந்தா வீட்டுல ஒரு கேள்வி வராது.”

“சரி நைனா.”

பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினான்.

தெருமுனை தாண்டியதும் ஆட்டோ பிடித்து ரயில் நிலையம் போய்விடலாம் என்பது அவன் திட்டம். ஆட்டோ தானாகவே வந்தது. ஜெயம்மாளின் தம்பி துளசிங்கத்தின் ஆட்டோ. மேலே ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

“மாப்ள, நீ முன்னாடி நட. நான் கோவிந்தா பாட்டு போட்டுகினு பின்னாடியே வரேன். நடக்கறவங்களுக்குப் பண்ற சேவை, நடந்த புண்ணியத்துல பாதியாம்ல!”

“எதுவரைக்கும் மாமா வருவீங்க?”

“கவலையே படாத. பெர்மிட் இருக்கற வரைக்கும் வருவேன்.”

பெர்மிட் பொன்பாடி செக்போஸ்ட் வரைக்கும் இருந்தது. தமிழ்நாடு முடிகிற இடம் வரைக்கும், செருப்பில்லாத காலோடு, முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் அலற, பெங்களூருக்கு நேர் எதிர்த்திசையில் ஹேமநாதன் நடந்தான். நடுவில் இரண்டு இடத்தில் மோர் கொடுத்தார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் பண்ணச் சொன்னாள். பண்ணினான். வேறென்ன செய்வான்?

துளசிங்கம் கும்பிடு போட்டுத் திரும்பியபோது அவன் கால் இரண்டும் பழுத்திருந்தன. நொண்டிக்கொண்டே ஆந்திராவுக்குள் போய், ஊர்ப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் வண்டியே வந்துவிடுகிற அந்த வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை ஸ்டேஷனில் அரக்கோணம் பாசஞ்சரைப் பிடித்தான். வண்டி திருத்தணியில் நின்ற இரண்டு நிமிஷமும் கழிவறைக்குள் நின்று பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டான். இடத்தைப் பார்த்தால் அதற்கும் தனியாக ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது.

அரக்கோணத்தில் பெங்களூர் வண்டிக்குள் ராஜீவ் ஸ்வெட்டரோடு காத்திருந்தான்.

“மச்சான், இன்னாடா இது கோலம்?”

“இரு, டிரெஸ் மாத்திக்கறேன்” என்று பையைத் திறந்தான் ஹேமநாதன். ஜீன்ஸைக் காணோம். டி-ஷர்ட்டையும் காணோம். அம்மாவின் கைவரிசை. அவை இருந்த இடத்தில் இன்னொரு மஞ்சள் வேட்டியும் ஒரு பொட்டலம் புளிச்சாதமும் இருந்தன.

ஆனால் பாருங்கள், கெட்டதிலும் ஒரு நல்லது. மஞ்சள் வேட்டி, வெறுங்கால், நெற்றியில் நாமம் என்று வந்து நின்றவனைப் பார்த்த பெங்களூர் அரங்கின் காவலாளி, இவனும் மேடை ஏறுகிற ஆள் என்று முடிவுகட்டி, “ஆர்ட்டிஸ்ட் இந்தப் பக்கம் சார்” என்று தனி வாசலைத் திறந்துவிட்டார். டிக்கெட் எடுத்த ராஜீவ் கூட்டத்தில் எங்கேயோ நசுங்கிக்கொண்டிருக்க, ஹேமநாதன் மேடை ஓரத்தில், அனுசுயாவுக்குப் பத்தடி தூரத்தில் நின்றான்.

முதல் அடி விழுந்தபோது அவனுக்கு நெஞ்சுக்குள்ளேயே அடித்த மாதிரி இருந்தது. ஃபோனில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்ணின் இரண்டு கையும் இரண்டு காலும் நான்கு ஆட்கள் மாதிரி தனித்தனியாக வேலை செய்து, ஒரே மூச்சாக வந்து சேர்ந்தன. அவன் விரல்கள் வேட்டி முந்தியில் தாமாகத் தட்டிக்கொண்டன. அழுகை வந்தது. அழுதான். நடந்த நடையெல்லாம் இதற்குத் தகும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பெங்களூரில் வேலை பார்க்கும் ராஜீவின் அண்ணன் அறையில் காலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிடந்தான். திங்கட்கிழமை காலை அரக்கோணத்தில் இறங்கினான். இனி மொட்டை, லட்டு. திருத்தணியில் மொட்டை போட முடியாது. மலை மேலும் சரி, கீழேயும் சரி, சவரம் செய்கிற அத்தனை பேருக்கும் நைனாவைத் தெரியும். அதனால் அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் பின்னால், சந்துக்குள் ஒதுங்கியிருந்த ஒரு கடையாகப் பார்த்து நுழைந்தான். கடைக்காரர் பெயர் சாமிநாதன். வாயில் வெற்றிலை. சுவரெல்லாம் சாமி படம், பரண் மேல் ஏதேதோ மூட்டை.

“மொட்டை போடணும்ண்ணே. சந்தனமும் தடவிடுங்க.”

“திருப்பதி சந்தனமா, பழனி சந்தனமா?” என்றார் சாமிநாதன்.

ஹேமநாதன் சுவரில் இருந்த சாமி படங்களை மாறி மாறிப் பார்த்தான்.

“திருப்பதிதான். காலப் பாத்தாலே தெரியுது. உக்காரு.”

பாதித் தலை முடிந்தபோது சாமிநாதன் கத்தியை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். “தம்பி, நாற்காலில தாளம் போடாத. தலை ஆடுது.”

“சாரிண்ணே. எனக்கே தெரியாம வந்துடுது.”

“உம்” என்றார் அவர். மீதித் தலையை வழித்துவிட்டு, துண்டால் துடைத்து, சந்தனம் குழைத்துப் பூசினார். “லட்டு எத்தினி?”

“லட்டு இருக்கா!”

“மச்சான் தினம் திருப்பதிக்கு வேன் ஓட்டறான். லட்டு இல்லாத மொட்டைய எந்த வீட்டுல நம்புவாங்க?”

ஹேமநாதனுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து சாமிநாதனின் விரல் அவன் வலது காதுக்குப் பின்னால், முடி இருந்தவரை யாருக்கும் தெரியாமல் கிடந்த ஒரு பெரிய மச்சத்தில் வந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார். நாற்காலிக் கையில் மறுபடி தாளம் போட ஆரம்பித்துவிட்ட விரல்களையும் பார்த்தார்.

“திருத்தணியா?”

“ஆங்.”

“எடை மேடை கோதண்டபாணி புள்ளையா?”

ஹேமநாதன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். துண்டு கீழே விழுந்தது. “அண்ணே, உங்களுக்குக் கோடி புண்ணியம். பாட்டு கேக்கத்தான் போனேன், சத்தியமா வேற தப்பு ஒண்ணும் பண்ணல. எங்க நைனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. டமாரம்னாலே அவருக்கு ஆகாது. நம்ம வம்சத்துலயே கிடையாதும்பாரு.”

சாமிநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பரணுக்குக் கை நீட்டி, மஞ்சள் வேட்டியில் சுற்றி வைத்திருந்த ஒரு டோலக்கை இறக்கி, அவன் கையில் வைத்தார்.

“நான் எதுக்குப்பா சொல்லப்போறேன்? அடுத்த சனிக்கிழமை சித்தூர் கச்சேரிக்குப் போறப்ப இத எடுக்க உங்க நைனாவே இங்க வருவாரு, அவருக்கு எப்பவும்போல நாலு லட்டு, உனக்கு எத்தினி?”