ஜெர்லினுக்கு வெண்ணெய் ஊட்டும் காரணம்

சேசு மரி சூசை துணை

ராதாபுரம்

கடல்மேல் இருக்கும் அன்பு மச்சான் ஜெர்வினுக்கு, கருப்பட்டிக் கடை சிலுவைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம் அக்கா லூர்து மேரியும் உம் மருமகள் ஜெர்லினும் சுகம். உம் சுகத்தையும் நீர் சமைக்கிற கப்பலின் சுகத்தையும் மாதாவிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

நீர் போனில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். “எட்டு வயசுப் பிள்ளைக்கு வெண்ணெயும் எண்ணெயுமா ஊட்டுதியளே, நெஞ்சு அடைச்சிராதா, ஒமக்குப் புத்தி பெசகிட்டா வே” என்று நீர் கேட்டதில் தப்பில்லை. போனில் பதில் சொன்னால் நடுவில் நீர் கத்துவீர், நானும் கத்துவேன். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

ஜெர்லினுக்கு வந்தது வலிப்பு என்றே முதலில் எங்களுக்குத் தெரியாது. விழமாட்டாள், கை கால் வெட்டாது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் கை பாதியில் நிற்கும், கண் தூரத்தில் எதையோ பார்க்கும், பத்துப் பதினைந்து நொடி கழித்து விட்ட இடத்திலிருந்து குடிப்பாள். பிள்ளை கனாக் காண்கிறாள் என்று நான் ரசித்துக்கொண்டிருந்தேன், மச்சான். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கும்போது பாதியில் நின்று அடியும் வாங்கியிருக்கிறாள். பாளையங்கோட்டை டாக்டர் ஹெப்சிபா அம்மாதான் இது ஒரு வகை வலிப்பு, ஒரே நாளில் ஐம்பது தடவைகூட வரும் என்று கண்டுபிடித்தார். இரண்டு மருந்து மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. பிறகுதான் இந்தச் சாப்பாடு. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கவனித்து, பட்டினி போடாமலே உடம்பைப் பட்டினி என்று நம்பவைக்க இந்தக் கொழுப்புச் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்களாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் காட்டி, “பாதிப் பிள்ளையளுக்கு வலிப்பு பாதிக்குப் பாதி கொறையுது, சில பேருக்கு நின்னே போகுது, சில பேருக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. கிட்னியில கல்லு வரலாம், ரத்தத்துல கொழுப்பு ஏறலாம், வளத்தி மட்டுப்படலாம். அதுக்குத்தான் மூணு மாசத்துக்கு ஒருக்க ரத்தம் எடுத்துப் பாப்பேன், அண்ணாச்சி. ஒடம்பு மெலியதுக்குன்னு ஆளாளுக்குத் திங்காவளே, அது வேற, இது வேற” என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

அன்றிலிருந்து நம் அடுக்களை நகைக்கடை மாதிரி. கிராம் தராசில் வெண்ணெய், தேங்காய் எண்ணெய், முட்டை, எண்ணி வைத்த கீரை இலை. சோறும் இனிப்பும் துளிகூட ஆகாது. கடை நிறையக் கருப்பட்டி. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவாள். அடங்கியிருந்த வலிப்பு இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. அடுத்த வீட்டு இசக்கிச்செல்வி மிட்டாய் கொடுத்திருப்பாள் என்று உம் அக்கா சண்டைக்குப் போய், இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று, கடைசியில் பார்த்தால் நானே வாங்கி ஊற்றிய இருமல் மருந்தில் சீனிப்பாகு. மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு இசக்கிச்செல்வி காப்பி கொடுத்தாள், சீனி போடாமல்.

பிள்ளை தனியாகத் தின்ன வேண்டாம் என்று முதல் நாளே நானும் அதே சாப்பாட்டில் இறங்கியிருந்தேன். பத்தாம் நாள் தலை பஞ்சாகிவிட்டது. கருப்பட்டிச் சிப்பத்தோடு நாங்குநேரிக்குப் பஸ் ஏறினேன். வாழைகளெல்லாம் தரையைவிட்டு ஓரடி மேலே நின்றன. கோவில் கோபுரம் பைய வந்து, பைய என்னைக் கடந்து போனது. இறங்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் வேறு யாரோ இறங்க வேண்டிய இடம்போல் இருக்கிறது. “அண்ணாச்சி, நாங்குநேரி போயி முக்கா மணி நேரமாச்சு, எங்கன எறங்கப் போறிய” என்று கண்டக்டர் தோளைத் தொட்டார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இறங்கி, தாமிரபரணிப் பாலத்தின்மேல் சிப்பத்தோடு நின்றேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது, பாலம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு மேற்கே போனது. எவ்வளவு நேரமோ தெரியாது. ஜெர்லின் போய்ப் போய் வந்த இடம் இதுதான் என்றால், அங்கே பயமில்லை, மச்சான். ஆனால் யாரும் இல்லை.

அடுத்து அவளுடைய புதுநன்மை வந்தது, பூசையில் முதல் தடவை அப்பம் வாங்குகிற நாள். எனக்கு அப்பத்தைப் பற்றிக் கவலை. பங்குச் சாமியாரிடம் போய், “சாமி, அப்பத்துல மாவு இருக்குல்லா” என்றேன்.

“பூசையில அப்பத்த எழுந்தேற்றம் பண்ணுததுக்கு முந்தி மாவு. பெறவு ஆண்டவர்.”

“சரி சாமி. பிள்ள தின்னத எழுத டாக்டரம்மா குடுத்த நோட்டுல ஆண்டவருக்குக் கட்டம் இல்லையே. மாவுன்னுதான எழுதணும்.”

“கால் துண்டு தாரேன். அதுலயும் முழு ஆண்டவர்தான் இருக்காரு” என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, முழு அப்பமே கால் கிராம்தான் வரும், தாராளமாக வாங்கட்டும் என்று சிரித்தார்.

போன ஞாயிறு பூசையில் ஜெர்லின் மைக் முன்னால் மன்றாட்டு வாசித்தாள். பத்து வரி. லூர்து மேரி என் கையில் நகம் பதியப் பிடித்திருந்தாள். பிள்ளை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. மூன்று மாதமாக ஒரு தடவைகூட வரவில்லை, மச்சான்.

ஆகையால் ஐந்து மாதமாக <s>நானும்</s> ஜெர்லினும் ஒரு பருக்கைச் சோறு தொடாமல் இருக்கும் இந்த வீட்டுக்குத் தூரத்திலிருந்து புத்தி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீர் போகிற துறைமுகமெல்லாம் நல்ல காற்று அடிக்கட்டும், உம் அடுப்பு அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உம் அத்தான்,
சிலுவைமுத்து

பி.கு. எழுதி முடித்து மேசையில் வைத்திருந்தேன். ஜெர்லின் எடுத்து வாசித்துவிட்டுப் பென்சிலால் ஒரு சொல்லை அடித்தாள். ஏன் என்றேன். “நீதான் பாலத்துக்குப் போன அன்னைக்கே விட்டுட்டியேப்பா. தெனமும் ஒம்மேல சால்னா மணக்குமே” என்றாள். உண்மைதான், மச்சான். அன்றைக்கு வண்ணாரப்பேட்டையில் நாலு பரோட்டா தின்றேன். அதன்பிறகு வீட்டில் தட்டைக் காட்டிவிட்டு வெளியில்தான் சாப்பாடு. “எப்பலருந்து ஒனக்குத் தெரியும்” என்றேன். “மொதல்லருந்தே.” “பெறவு ஏன்ட்டி சொல்லல?”

“அது எனக்குத்தான மருந்துப்பா. ஒனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அடித்ததை அடித்தபடியே அனுப்புகிறேன்.