மூணாம் நம்பர் இஞ்சின்

போன் திருத்துகிறவனுக்கு ஒரு தலைவிதி உண்டு. கரண்டில் ஓடுகிற எது கெட்டாலும் ஊர் அதை அவனிடம்தான் கொண்டுவரும். அவனும் "தெரியாது" என்று வாய் தவறியும் சொல்ல மாட்டான். ஹட்டனில் கடை போட்ட புதிதில் கிரைண்டர், காது மெஷின், கோயில் ஒலிபெருக்கி (அது எரிந்த கதை வேறு) என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன் நான். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் ரயிலுக்கும் தலையாட்டிவிட்டேன்.

ரயிலைக் கொண்டுவந்தவர் சுகந்தியின் அப்பா. சுகந்தியும் நானும் இரண்டு வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம்தான் அவள் வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவர் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் இருக்கும் மகன் அனுப்பிய குட்டி ரயில்களை வீட்டு மேசையில் ஓட்டிக்கொண்டிருந்தார். தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர், இஞ்சின் ஒரு விரல் நீளம்.

அவர் சிவப்பும் பச்சையுமாக இரண்டு இஞ்சின்களையும் மகன் புதிதாக அனுப்பிய இரண்டு டிகோடர்களையும் ஒரு ரிமோட்டையும் கடை மேசையில் வைத்தார். டிகோடர் என்பது இஞ்சினுக்குள் வைக்கிற மூளை. அது இல்லாவிட்டால், கரண்ட் விட்டதும் தண்டவாளத்தில் நிற்கிற எல்லாமே ஒன்றாகக் கிளம்பும். அதை வைத்துவிட்டால் ஒவ்வொரு இஞ்சினையும் அதன் நம்பரைச் சொல்லித் தனியாகக் கூப்பிடலாம். அந்த நம்பருக்குப் பெயரே விலாசம்தான்.

"தம்பிக்கு இந்த வேல வருங்களா?"

"ரெண்டு நாள் வேலைங்க."

"நல்லது. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து ஓட்டிக் காட்டுங்க. மத்ததையும் அன்னைக்கே பேசிக்கிருவோம்." பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "தம்பி விலாசம்?"

நான் கடை விலாசத்தைச் சொன்னேன். "வீடும் இதுதாங்க, மேல."

மேலே தகரக் கூரையும் ஒரு பூனையும்தான் இருந்தன. என் வீடு நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மூணாம் நம்பர் லயம், தொழிலாளர்களுக்கு ஒட்டியொட்டிக் கட்டிய வீட்டு வரிசை. அதற்கு ஏது விலாசம்? அத்தனை வீட்டுக் கடிதமும் தோட்ட ஆபீசில் ஒரே கட்டாக வந்து விழும். என் அப்பா செல்லையாவுக்கு வந்த இழவுக் கடிதத்தைப் பிரித்து, வேறொரு செல்லையா அழுது முடித்த பிறகு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தன் வீட்டுக் கேட்டில் பெயிண்டால் நம்பர் எழுதி வைத்திருக்கிற மனிதர் லயத்துக்குப் பெண் கொடுப்பாரா என்று எனக்குப் பயம். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சுகந்தி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இஞ்சினைத் திறந்தேன். உள்ளே எறும்பு நுழைய இடம் இல்லை. அங்கே டிகோடரை வை என்கிறார்கள், அதுவும் ஏழு வயரோடு. முடியளவு வயர்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டாருக்கு. மோட்டாரின் கால் இரும்பு உடம்பில் பட்டால் டிகோடர் புகைந்துவிடும். ஹட்டன் குளிரில் என் விரல் எனக்கே சொந்தமில்லை. ஒரு தும்மலில் டிகோடர் காணாமல் போய், அரை நாள் தரையில் தவழ்ந்து, கடைசியில் என் ஸ்வெட்டர் கையில் கண்டெடுத்தேன். எல்லாவற்றையும் திணித்து முடித்தால் கூரை மூடவில்லை. அரத்தால் ராவினேன். மறுபடி மூடவில்லை. மறுபடி ராவினேன். இதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள்.

ஒருவழியாக இரண்டையும் மூடி, சிவப்பு இஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன். வழிமுறைத் தாளின் முதல் பக்கம், மூன்றை அழுத்து என்றது. அழுத்தினேன், ஓடியது. எடுத்துவிட்டுப் பச்சையை வைத்தேன். மூன்று. அதுவும் ஓடியது. இரண்டுக்கும் ஒரே நம்பரை அழுத்துகிறோமே என்று ஒரு மனிதனுக்குத் தோன்ற வேண்டாமா? தாளின் இரண்டாம் பக்கத்தையாவது திருப்பியிருக்கலாம். (அதன்மேல் பால் ஊற்றாத பிளேன்டி கோப்பை இருந்தது.)

ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டையோடு, அதன் பையில் வழிமுறைத் தாளோடு போனேன். சுகந்தியின் அத்தையும் வந்திருந்தார். மேசைத் தண்டவாளத்தின் ஒரு முனையில் ஹட்டன், மறுமுனையில் நானுஓயா என்று குட்டிப் பெயர்ப்பலகைகள். மேசை ஓரத்தில் பெரிய தட்டில் கேசரி. சுகந்தியின் அப்பா தன் பழைய கார்டு விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"செகப்பு ஹட்டன்ல இருந்து வரும். பச்ச நானுஓயாவுல நிக்கும். செகப்பு வந்து ஒதுங்குன பெறகு பச்சய விடுங்க. ஒத்தத் தண்டவாளம், பாத்து."

விசில் ஊதினார். நான் மூன்றை அழுத்தினேன். சிவப்பு கிளம்பியது. பச்சையும் கிளம்பியது.

"பச்ச ஏன் வருது?" என்றார் அப்பா.

"இப்ப நிறுத்துறேங்க," என்று குமிழைத் திருகினேன், எதிர்ப் பக்கமாக. இரண்டும் வேகமெடுத்தன. முப்பது வருடம் ஒரு விபத்தும் பார்க்காத கார்டு, வாயில் விசிலோடு, தன் வீட்டு மேசையில் அதைப் பார்த்தார். முட்டிய வேகத்தில் சிவப்பு கவிழ்ந்தது. பச்சை துள்ளிப்போய்க் கேசரியில் மூக்குக் குத்தி நின்றது, சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

சுகந்திதான் என் சட்டைப்பையிலிருந்து தாளை உருவி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பிச் சத்தமாக வாசித்தாள். "புது டிகோடர் எல்லாமே மூணாம் நம்பர் விலாசத்தோடதான் வருமாம். நாமதான் மாத்தணுமாம்."

அத்தை என்னை உற்றுப் பார்த்தார். "மூணாம் நம்பர்னதும்தான் ஞாபகம் வருது. அப்போ புடிச்சு யோசிக்கிறேன். தம்பி, நீங்க நோர்வூட்டுல எங்க தோட்டம்தானே? மூணாம் நம்பர் லயத்து செல்லையாண்ணன் மகன்?"

கேசரிக்குள் எனக்கும் இடம் இருந்தால் போய்ப் படுத்திருப்பேன். "ஆமாங்க," என்றேன்.

சுகந்தியின் அப்பா குறிப்புப் புத்தகத்தை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், அதிலிருந்த என் கடை விலாசத்தை நிதானமாகக் கோடு போட்டு அடித்தார்.

"நான் அக்கரப்பத்தனையில ஏழாம் நம்பர் லயத்துல பொறந்தவன். லயம்னு சொல்ல ஒங்களுக்கு என்னா வெக்கம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் அப்போதுதான் உண்மையாகவே வந்தது.

"சரி, சரியான விலாசத்தச் சொல்லுங்க. ஒங்க அப்பா அம்மாவப் பாக்க நாங்க பூன வீட்டுக்கா போறது?" (பூனை விஷயம் சுகந்தி சொன்னது.)

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுகந்தி பச்சையைத் துடைத்து, அதை மட்டும் தண்டவாளத்தில் வைத்து, இரண்டே நிமிடத்தில் நாலாம் நம்பராக்கிவிட்டாள். நான் இரண்டு நாள் பட்ட பாட்டுக்கு மரியாதையாகக் கொஞ்ச நேரமாவது சிரமப்பட்டிருக்கலாம்.

கல்யாணமாகி இப்போது சொந்த வீடும் கட்டிவிட்டோம். அது பதினான்காம் இலக்கம். குடிபுகுந்த அன்று மாமனார் தன் கையாலேயே எழுதிய பலகையைக் கொண்டுவந்து வாசலில் அடித்தார். அதில் பெரிதாக '3' என்றிருந்தது. கழற்ற விடமாட்டேன் என்கிறார், சுகந்தியும் அவர் கட்சி. ஆகவே உண்மையான மூன்றாம் வீட்டுக்காரரின் கரண்ட் பில் மாதாமாதம் எங்களிடம் வருகிறது. கொண்டுபோய்க் கொடுத்தால், பதினான்காம் வீட்டில் ஏன் மூன்று என்று கேட்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் கேசரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.