மாமி விரட்டிய இங்கிலீசு ஜின்

ஒரு பாடத்தைப் படிப்பிக்க அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஊரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. நான் இங்கிலீசு படிப்பிக்கும் 'சேர்' ஆனபோது எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் ஒரு பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். (அதிலும் பிழை இருக்கும்.)

சுனாமி வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். எங்கள் கடற்கரை ஊரான சாய்ந்தமருதில் திரும்பிய பக்கமெல்லாம் வெளிநாட்டு நிறுவனங்களின் ஜீப். அதில் ஒரு நிறுவனம் இங்கிலீசு படிப்பிக்க ஆட்களைப் பயிற்றியது. முடிவில் ஒரு சோதனைப் பாடம்; தேறினால் வேலை. வேலை கிடைத்தால்தான் எனக்கும் நஸ்ரினுக்கும் நிக்காஹ். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அந்த வீட்டையோ கடல் கொண்டுபோயிருந்தது. "வீடுதான் இல்ல, மாப்பிளைக்குத் தொழிலாவது இரிக்கட்டும்" என்று நஸ்ரினின் உம்மா, அதாவது என் வருங்கால மாமி, ஒரே பிடியாக நின்றார்.

எங்களைப் பயிற்றிய வெள்ளைக்கார மிஸ்ஸுக்கு ஒரே சட்டம். வகுப்பில் படிப்பிப்பவர் வாயிலிருந்து தமிழில் ஒரு சொல்கூட வரக்கூடாது. விளங்காவிட்டால் நடித்துக் காட்ட வேண்டும்.

எனக்கு வந்த தலைப்பு 'நோய்கள்'. மிஸ் கடைசி வாங்குப் பலகையில் பேனையோடு இருந்தார். முன்னால் மாணவர்களாக எங்கள் தெருவே இருந்தது. மருமகனை நோட்டம் பார்க்கவே வகுப்பில் சேர்ந்த மாமி நடுவில்.

தலையிடி, வயிற்றுவலி நடித்தேன். கை தட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய நடிகன் என்ற நினைப்பில், காய்ச்சல் நடுக்கத்தைக் காட்டத் தரையில் விழுந்து, கண்ணைச் சொருகி, கைகாலை உதறினேன்.

"அல்லாஹ்வே! புள்ளைக்கு என்னமோ ஆகிட்டு!" மாமி எழும்பிவிட்டார்.

"நோ, நோ! ஐ ஆம் வெரி வெல்! ஐ ஆம் எ டீச்சர்!" என்று கத்தினேன். பயத்தில் இங்கிலீசு மடை திறந்த மாதிரி வந்தது. அதுதான் வினை.

மீன் வியாபாரி ஆதம் காக்கா பின்னால் நகர்ந்து மாமியிடம் சொன்னார்: "ராத்தா, இது இவரு இல்ல. இவருக்கு இந்தளவு இங்கிலீசு எங்க தெரியும்? உள்ளுக்க வேற ஆள் கதைக்குது. ஜின்!"

ஒருவர்கூட மறுக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய அவமானம்.

யாரோ ஓதத் தொடங்கினார். ஓதி ஊதிய தண்ணீர் என் முகத்தில் விழுந்தது. தமிழில் வாய் திறந்தால் வேலை போச்சு. திறக்காவிட்டால் ஜின் பிடித்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்? "ப்ளீஸ், ஐ ஆம் ஆக்டிங்" என்றேன். ஜின் இன்னும் இறங்கவில்லை என்று இன்னும் ஒரு போத்தல் தண்ணீர் வந்தது.

மாமி முக்காட்டை இறுக்கிக்கொண்டு என் முன்னால் குந்தினார். "இங்கிலீசு ஜின்னோட தமிழ்ல கதைச்சு என்ன புண்ணியம்?" என்றவர் விரலை நீட்டினார். "ஹூ ஆர் யூ? வேர் யூ கம்? நவ் கோ!"

"கோ டு சீ! டோன்ட் கம் பெக்!" என்றார் ஆதம் காக்கா. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத சனமெல்லாம் இங்கிலீசில் என்னை ஏசியது.

கடைசியாக மாமி சொன்னார்: "மை டோட்டர் நோ மேரி திஸ் போய்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையாவது மண்ணாவது! "மாமி, நான்தான் மாமி! ஜின்னுமில்ல, ஒண்டுமில்ல! நஸ்ரினத் தாங்க மாமி!"

நல்லகாலம், நான் கத்திய தமிழ், மிஸ்ஸின் கைதட்டலில் அமுங்கிப்போனது. எல்லாம் நான் போட்ட நாடகம் என்று நினைத்திருக்கிறார். மாணவர்கள் இவ்வளவு இங்கிலீசு கதைத்த வகுப்பைத் தான் கண்டதே இல்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தேறிவிட்டேன். நிக்காஹும் நடந்தது.

நான் நடித்தேன் என்பதை மாமி இன்றுவரை நம்பவில்லை. ஜின்னை விரட்டியது தான்தான் என்று வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லுவார். பக்கத்திலுள்ள கல்முனையில் பாதிப் பிள்ளைகள் என்னிடம் இங்கிலீசு படித்தவர்கள். என் சொந்த மகள் மட்டும் இங்கிலீசுப் பாடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மாமியிடம் போகிறாள். "நான் இரிக்கன்தானே மகள்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எங்க தெரியும் வாப்பா? அண்டைக்குக் கதைச்சது ஜின்தானே. அதையே இங்கிலீசுல ஏசித் தொரத்தின ஆள் உம்மம்மா."