நெரிசலண்ணன் கூட்டிய ஜனம்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எந்தக் கட்சி ஜெயித்தாலும் அதற்கு நெரிசலண்ணன்தான் காரணம். கொள்கை, தியாகம் என்பதெல்லாம் பேச்சுக்கு.

அண்ணனுக்கு அரசியல் கூட்டங்களுக்கு மேடை கட்டுகிற தொழில். எல்லாக் கட்சிக்கும் கட்டுவார். மைதானம் என்று யாராவது சொன்னாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மைதானமா? இன்னா நைனா, ஜனத்த கருவாடு மாதிரி காயப் போடப் போறியா? சந்துல வெய்யி. ரெண்டு பக்கமும் மாட்டு வண்டிய நிறுத்து. மூச்சு முட்டணும். அப்பத்தான் தலைவருக்கு அது மக்களாத் தெரியும்."

அப்படியே தெரிந்தது. பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் ஒருமுறை, மண்ணெண்ணெய் வாங்க வந்தவர் வெளியேற வழியில்லாமல் டின்னோடு நின்று கைதட்டி, கடைசியில் கட்சியிலேயே சேர்ந்துவிட்டார். தலைவரைத் தலைகளுக்கு மேலே தூக்கித்தான் மேடையேற்றினார்கள். ஒற்றைச் செருப்போடு நின்றவர், "மக்கள் கடலே!" என்று தேம்பினார்.

எழுபதுகளில், தொழிற்சாலை கட்டவென்று எங்கள் குடிசைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அதே தலைவரிடம் முறையிடக் கிளம்பினோம். அவர் வீட்டுச் சந்தில் போய் நிற்கலாம் என்றார் அண்ணன். தலைவர் விவரமானவர், மைதானத்துக்கு வரச்சொல்லி ஆளனுப்பினார்.

கைக்குழந்தை முதல் கிழவர் வரை அத்தனை பேரும் போனோம். அந்தப் பெரிய மைதானத்தில் சிந்திய மிளகு போலக் கிடந்தோம். அண்ணன் அங்குமிங்கும் ஓடினார்.

"இன்னாத்துக்குத் தள்ளித் தள்ளி நின்னுகினு கீறீங்க? ஒட்டி நில்லுங்க! கொழந்தைய தோள்ல ஏத்துய்யா!"

ஒட்ட ஒட்ட, இன்னும் குறைவாகத் தெரிந்தோம்.

குடும்பத்தில் முதலில் படித்தவன் என்று என்னைப் பேச விட்டார்கள். "ஐயா, நாங்களும் மக்கள்தானே?" என்றேன்.

தலைவர் நாற்காலியிலிருந்து எழாமலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மக்களா? எங்கப்பா? நாலு பேர் நிக்கிறீங்க. மக்கள் தொழிற்சாலை கேக்குறாங்க."

அந்த வாரமே இடித்தார்கள். ஏரிக்கு அப்பால் ஒரு கட்டாந்தரையைக் காட்டிவிட்டுப் போனார்கள். அண்ணன் தன் மேடை மூங்கில், கீற்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கூரை போட்டார்.

"அண்ணாத்த, அப்ப உன் பொழப்பு?" என்றேன்.

"போடா. இனிமே அவனுங்க தரைல நின்னு பேசட்டும்."

தனக்கென்று குடிசை போட ஒரு கழிகூட மிஞ்சவில்லை அவருக்கு. எங்கள் குடிசையில் நாங்கள் கால் நீட்டவே இடம் கிடையாது. ஆனாலும் அண்ணன் எங்களோடுதான் இருக்கவேண்டும் என்று, அவரைத் தங்களோடு கூப்பிட்ட பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.