பின் டயருக்கு எத்தனை பவுண்டு?

"சார், இது தேஞ்ச மாதிரி இல்ல. ரெண்டு ஓரத்தையும் எலி கரண்டுன மாதிரி இருக்கு" என்றார் சாமிக்கண்ணு.

கொளஞ்சியப்பன் குனிந்து பார்த்தான். பின் டயரின் நடுவில் பட்டன் புதுசு போலவே நின்றது. இரண்டு ஓரமும் வழுவழுவென்று போயிருந்தன. ஆடி மாசம் போட்ட டயர். இப்போதுதான் ஐப்பசி.

"காத்து எத்தனை வைக்கிறீங்க?"

"இருபத்திரண்டு பவுண்டு. வண்டியோட குடுத்த புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"அது ஒத்தை ஆளுக்கு சார். பின்னாடி யாரு உக்கார்றாங்க?"

கொளஞ்சியப்பன் பெருமூச்சு விட்டான். "எங்க ஆபீசர்."

சாமிக்கண்ணு கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "தாண்டவராயன் சாரா? அவரு ஏறுனா ரயிலே ஒரு பக்கம் சாயுமே! அவர ஏத்திக்கிட்டா இருபத்திரண்டு வச்சீங்க? அய்யய்யோ!"

மஞ்சக்குப்பத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அதில் சாமிக்கண்ணு ஒருத்தர்தான் கேட்காமலேயே யோசனை சொல்லுவார். அந்த யோசனை பலிக்குமா என்பது வேறு விஷயம்.

"முப்பத்தாறு ஏத்துங்க. கல்லு மாதிரி நிக்கும்" என்றார்.

கொளஞ்சியப்பனுக்கு அந்த டயர் உயிர்நாடி. விவசாய இலாகாவில் அவனுக்குக் களப்பணி. ஆபீஸ் சிதம்பரத்தில், வீடு கடலூரில், பார்க்க வேண்டிய வயலெல்லாம் கீரப்பாளையத்தைச் சுற்றி. சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான் என்பதால்தான் இந்த வேலையே கிடைத்தது. வண்டி நின்றுபோனால் திட்டக்குடியில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, அங்கே போய்க் காகிதம் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புது டயருக்கோ மெட்ராஸ் கடைக்காரன் பொங்கல் கழித்து வா என்று சொல்லிவிட்டான். ஆக, இந்த டயர் பொங்கல்வரை ஓடியாக வேண்டும்.

இதற்கு நடுவில்தான் தாண்டவராயன் வந்து சேர்ந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு. பத்து வருஷமாக ரயிலில் போய்க்கொண்டிருந்த மனுஷன், ஆவணிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் டிபன் கேரியரும் குடையுமாக வாசலில் நின்றார்.

"ஏம்பா கொளஞ்சி, நானும் சிதம்பரம்தானே போறேன். ரயில் கரி கண்ணுல விழுது. உன் பின்னாடியே வந்துடுறேனே."

மேலதிகாரி கேட்டு முடியாது என்று சொன்னவன் எவன் இருக்கிறான்? "அதுக்கென்ன சார், வாங்க" என்று சொல்லித் தொலைத்தான். அன்று பிடித்தது சனியன். போகும்போதும் அவர், வரும்போதும் அவர். வண்டி கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், முதுகுக்குப் பின்னால் குரல் வரும்: "மெதுவாப் போப்பா... மெதுவா..."

முப்பத்தாறு பவுண்டு ஏற்றினான். வண்டி நிஜமாகவே கல்லு மாதிரிதான் இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் தாண்டவராயன் சீட்டைவிட்டு எழும்பி, மறுபடி அதே சீட்டில் வந்து விழுந்தார். ஒவ்வொரு தரமும் "முருகா!" என்றார். சிதம்பரத்தில் இறங்கியவர் ஆபீஸ் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

கொளஞ்சியப்பனுக்குப் பாவமாக இருந்தது. மறைப்பானேன், சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்கு மனுஷன் ரயிலுக்குப் போய்விடுவார்.

மறுநாள் காலையில் வாசலில் டிபன் கேரியர், குடை, கூடவே ஒரு குட்டித் தலையணை.

"இலவம்பஞ்சு" என்றார் தாண்டவராயன், சோர்ந்த குரலில். தலையணையைப் பின்சீட்டில் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். பூப்போட்ட உறை. அந்தத் துணியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது கொளஞ்சியப்பனுக்கு. எங்கே என்று யோசிக்கிற தெம்பு இல்லை.

பத்துப் பதினைந்து நாளில் டயரின் நடுப் பட்டனும் போயிற்று.

"காத்து ஜாஸ்தியானா நடுவுல தேயத்தான் செய்யும்" என்றார் சாமிக்கண்ணு, யாரோ மூன்றாம் மனிதன் செய்த தப்பைப் பற்றிப் பேசுகிறவர் போல.

"நீங்கதானேய்யா முப்பத்தாறு சொன்னீங்க!"

"அவரு உக்கார்றப்ப முப்பத்தாறு. நீங்க தனியாக் கீரப்பாளையம் போறப்பவுமா முப்பத்தாறு வைப்பீங்க? அவரு எறங்குனதும் காத்த எறக்கணும். சாயந்திரம் ஏத்திக்கணும். பம்பு ஒண்ணு தரேன், எடுத்துட்டுப் போங்க."

அதிலிருந்து கொளஞ்சியப்பனின் பிழைப்பு பம்பு அடிக்கிற பிழைப்பாகிவிட்டது. சிதம்பரத்தில் காற்றை இறக்கினான். சாயந்திரம் வெள்ளைச் சட்டையோடு குந்தி உட்கார்ந்து அடித்தான். தாண்டவராயன் பக்கத்தில் நின்று அவனுக்குக் குடை பிடித்தார்.

"நல்லா அடிப்பா. காத்து பத்தலன்னா ஆபத்து" என்றார்.

"நீங்க ரயில்ல போனா இந்த ஆபத்தே இல்ல சார்" என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு அடித்தான். தினமும் திறந்து திறந்து மூடியதில் வால்வு கெட்டது. அப்புறம் யாரும் இறக்க வேண்டிய அவசியமில்லாமல் காற்று தானாகவே இறங்கியது.

ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து புலம்பினான். "தோள்பட்டை கழண்டு போவுது குணா. அந்தாளு கல்லு மாதிரி வந்து உக்கார்றாரு. எறங்கவே மாட்டேங்கறாரு."

அவன் மனைவி குணசுந்தரி ரசத்தை ஊற்றினாள். "பெரிய மனுசன், பாவம். கூட்டிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவீங்க? அவரு வந்தாருன்னா எனக்கும் ஒரு நிம்மதி."

"உனக்கென்ன நிம்மதி?"

"பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கில்ல" என்றாள். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்க."

இவள்தான் ஆவணியில் வண்டியை விற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். ஆலப்பாக்கத்தில் குறுக்கே வந்த எருமைக்காகத் திருப்பி, போன வேகத்தில் சேற்றில் போய் விழுந்து, கொளஞ்சியப்பன் முழங்கைத் தோலை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே அழுதாள். "இந்த எமன் வாகனம் நமக்கு வேணாங்க. இல்ல, மெதுவாவாவது போங்க."

"உன் சங்கிலிய வித்து வாங்குன வண்டி, நான் விக்க மாட்டேன். மெதுவாப் போறதுக்கு மாட்டு வண்டி போதுமே" என்று அவன் கத்தினான். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பொம்பளைக்கு வண்டி பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியில் அவனுக்கே ஒரு யோசனை தோன்றியது. அதுவரை சாமிக்கண்ணுதான் கெடுத்தார். இனிமேல் சொந்தமாகவே கெடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான். பின்சீட்டைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"சார், சீட்டு ஸ்பிரிங் உடைஞ்சிடுச்சு. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். இன்னைக்கு நீங்க ரயில்ல..."

தாண்டவராயன் சீட்டில்லாத இடத்தைப் பார்த்தார். அங்கே பைல் கட்டு வைக்கிற இரும்புக் கேரியர் மட்டும் இருந்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு அதன்மேல் தலையணையை வைத்தார்.

"முருகா" என்று ஏறினார்.

கேரியர் வளைந்து மட்கார்டை அமுக்க, மட்கார்டு டயரை உரச, ரப்பர் கருகுகிற நாற்றம் கிளம்பியது.

"என்னமோ வாசனை வருதேப்பா."

"யாரோ குப்பை எரிக்கிறாங்க சார்."

முட்லூர் போய் இறங்கிப் பார்த்தால், டயரைச் சுற்றிக் கோடு இழுத்தாற்போல வெட்டு. உள்ளே நூல் தெரிந்தது.

சீட்டை மறுபடி மாட்டி என்ன பிரயோஜனம்? கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயந்திரம், புதுச்சத்திரம் பக்கத்தில் டமால் என்று வெடித்தது. நல்ல வேளை, உருண்டுகொண்டிருந்த வேகத்துக்கு யாருக்கும் அடியில்லை. கொளஞ்சியப்பன் முன்னால் இழுக்க, தாண்டவராயன் பின்னால் தள்ள, மழையில் நனைந்துகொண்டு நடந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றான் கொளஞ்சியப்பன். அழுகை வந்தது அவனுக்கு.

"அட, இதுல என்னப்பா இருக்கு? நடக்கறது நல்லதுதானே" என்றார் அவர். திரும்பிப் பார்த்தான். முகத்தில் மழைநீர் வழிய, வந்த நாளிலிருந்து இல்லாத ஒரு சாந்தத்தோடு தாண்டவராயன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஏதோ மெட்டுகூட முணுமுணுத்தார்.

சாமிக்கண்ணு வெடித்த இடத்தில் உள்பக்கமாகப் பழைய லாரி டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஒட்டினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்தை ஆளா, பதனமா ஓட்டுனா பொங்கல் வரைக்கும் வரும். பின்னாடி ஒரு ஆளு உக்காந்தாருன்னா ஆலப்பாக்கம்கூடத் தாண்டாது. அப்புறம் எங்கிட்ட வந்து சண்டை போடாதீங்க."

இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒன்று அவரை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டக்குடிக்கு மூட்டை கட்ட வேண்டும். அவரை இறக்கினால், அந்தக் கோபத்திலேயே அவர் இவனைத் திட்டக்குடிக்கு மாற்றச் சொல்லி எழுதிப் போட்டாலும் போடுவார். இந்தப் பக்கம் போனால் பாம்பு, அந்தப் பக்கம் போனால் பள்ளம். போகட்டும், கேட்டுவிட்டாவது சாவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கு நடந்தான்.

அவர் மனைவி அமராவதி அம்மாள் கதவைத் திறந்தாள். "வாப்பா கொளஞ்சி. அவரு எண்ணெய் தேச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. வெந்நி காயுது. என்னா விஷயம்?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த மரியாதையான வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே அய்யாவை ஏத்திக்கிட்டுப் போக முடியாதும்மா. டயர் தாங்கல. நானும் தாங்கல. காத்து ஏத்தியும் பாத்துட்டேன், எறக்கியும் பாத்துட்டேன். என்னைத் திட்டக்குடிக்கு மாத்துனாலும் சரி."

அமராவதி அம்மாள் அவனையே பார்த்தாள். உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க! கொளஞ்சி வந்திருக்கு. நாளையிலேர்ந்து வேணாமாம்!"

உள்ளே எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. "நெசமாவா?" என்று தாண்டவராயனின் குரல் கேட்டது. பரீட்சையில் தேறிவிட்டதாகச் செய்தி கேட்டவன் குரல் மாதிரி இருந்தது. "அமராவதி, நல்லாக் கேட்டியா? அவனே சொல்றானா?"

"அவனேதான் சொல்றான்!"

கொளஞ்சியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் உள்ளே போய் அந்தப் பூப்போட்ட தலையணையைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

"இந்தா, உன் பொண்டாட்டி தச்சுக் குடுத்த தலகாணி. 'அய்யா பின்னாடி உக்காந்தாத்தான் அவரு மெதுவாப் போவாரு, என் தாலியக் காப்பாத்துங்க'ன்னு அந்தப் பொண்ணு வந்து அழுதாளேன்னு, இந்த மனுசன் ரயில் சீசன் டிக்கெட்டப் பையில வச்சிக்கிட்டே உசுரக் கையில புடிச்சிக்கிட்டு உன் பின்னாடி உக்காந்திருந்தாரு. இனிமே வரமாட்டாருன்னு அவகிட்ட நீயே சொல்லிடுப்பா, இவருக்குத் தைரியம் இல்ல."