இடது காலுக்கு வேலை இல்லை

கால் வைத்த இடத்தில் கிளட்ச் இல்லை.

மாஸ்டர் இடது காலை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டிப் பார்த்தார். இல்லை. பக்கவாட்டில் துழாவினார். விரிப்புதான் தட்டுப்பட்டது. வாசலில் மனைவி, மகள், சம்பந்தியம்மா மூவரும் கையசைக்கத் தயாராக நின்றிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் சம்பந்தி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல விறைப்பாக இருந்தார்.

"கிளம்பலாமா மாஸ்டர்?"

"கிளம்பலாம், கிளம்பலாம். சீட்டைக் கொஞ்சம் சரி பண்ணிக்கிறேன்."

சீட்டை முன்னால் தள்ளினார். பின்னால் தள்ளினார். எங்கே தள்ளியும் கிளட்ச் முளைக்கவில்லை.

இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்த கால் அது. சொந்தப் பெயர் வழக்கொழிந்துபோய், ரேஷன் கடை முதல் ரத்தப் பரிசோதனை நிலையம் வரை எல்லோருக்கும் 'கிளட்ச் மாஸ்டர்'தான். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கதி வரக் காரணம், முந்தின நாள் போனில் பேசிய நான்கு வார்த்தைகள்.

சம்பந்தி டைல்ஸ் மொத்த வியாபாரி. அவருடைய மகனும் மாஸ்டரின் மகளும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வருஷம் பொறுமையாக இரு வீட்டையும் கரைத்து, பெரியவர்கள் சம்பந்திகளாக முதல்முறை நேரில் சந்திக்கும் நாளைக் குறித்திருந்தார்கள். பையன் வேலையில் வெளியூரில் மாட்டிக்கொண்டதால், சம்பந்தியும் மனைவியும் மட்டும் வருவதாக ஏற்பாடு.

"நாளைக்குப் புது வண்டியில வர்றோம் மாஸ்டர். ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. டூயல் கிளட்ச்! நீங்க அந்த மாதிரி வண்டி ஓட்டியிருக்கீங்களா?" என்று போனில் கேட்டார் சம்பந்தி.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு கிளட்ச், சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொரு கிளட்ச்.

"என்ன சம்பந்தி இப்படிக் கேட்டுட்டீங்க? இருபத்தாறு வருஷமா ரெண்டு கிளட்ச் வண்டியைத் தவிர வேற எதுலயும் நான் உக்காந்ததே இல்ல!"

"அப்ப நாளைக்கு நீங்கதான் ஓட்டணும்" என்றார் சம்பந்தி உடனே.

போனை வைத்ததும் மகள் தலையில் கை வைத்தாள்.

"அப்பா, அது வேற கிளட்ச்பா."

"கிளட்ச்ல என்னம்மா வேற கிளட்ச்? எனக்கே பாடம் எடுக்கறியா?"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்கப்பா. அவங்க வீட்டுல இப்பதான் மனசு மாறியிருக்கு."

மறுநாள் வண்டிச் சத்தம் கேட்டு மாஸ்டர் வாசலுக்கு வருவதற்குள் சம்பந்தியும் மனைவியும் இறங்கி நின்றிருந்தார்கள். இப்போது அவர் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். இரண்டு கிளட்ச் என்றார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒருவேளை இரண்டுமே அந்தப் பக்கம் இருக்குமோ? மாஸ்டர் குனிந்து சம்பந்தியின் காலடியை எட்டிப் பார்த்தார்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஷூ நல்லா இருக்கு. எங்க வாங்கினீங்க?"

பட்டனை அழுத்தினால் கிளம்பும் என்று எங்கோ படித்த நினைவு. அழுத்தினார். வண்டி ஒரு உறுமல் உறுமியது. பக்கத்து வீட்டு ஜன்னல் இரண்டு திறந்தன. கியர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த குட்டிக் கம்பை 'டி' என்ற எழுத்துக்குத் தள்ளி பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும், வண்டி தானாகவே நகர்ந்தது. வாசலில் மூன்று கைகள் உயர்ந்தன.

'இவ்வளவுதானா!' என்று மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தெருமுனை வேகத்தடை வரை அந்த நிமிர்வு தாங்கியது. வேகத்தடையைக் கண்டதும் இருபத்தாறு வருஷப் பழக்கம் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கியது. இடது கால் எழுந்தது. கிளட்ச் இருக்க வேண்டிய திசையில் முழு பலத்தோடு இறங்கியது. அங்கே அகலமாக இருந்தது பிரேக்.

வண்டி நட்ட கல்லாக நின்றது. இரண்டு தகப்பன்மாரும் கண்ணாடிவரை போய்த் திரும்பினார்கள்.

"என்ன ஆச்சு மாஸ்டர்?"

"பிரேக் பிடிக்குதான்னு பாத்தேன். புது வண்டியில முதல்ல அதைத்தான் பாக்கணும்."

"பிடிக்குது" என்றார் சம்பந்தி, நெற்றியைத் தடவிக்கொண்டே.

அடுத்த திருப்பத்திலும் பிரேக் பிடித்தது. அதற்கடுத்த திருப்பத்திலும் பிடித்தது. மூன்றாவது முறை பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டி, "உடம்பு சரியில்லையா சார்?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

இந்தக் காலை இப்படியே விட்டால் சரிப்படாது என்று மாஸ்டர் அதை மடக்கி வலது தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். சாப்பாட்டுக்குச் சம்மணம் போட்டதுபோல ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவது பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் பிரேக் ஓய்ந்தது.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல். வரிசை நின்றது. மாஸ்டருக்கு உயிர் திரும்பி வந்தது. ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல், பின்னால் உருளாமல், வண்டியை அந்தரத்தில் நிறுத்துவதுதான் அவருடைய வித்தையின் உச்சம். அதைப் பார்க்கவே பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்ததுண்டு.

"இப்ப பாருங்க சம்பந்தி."

ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தார். வண்டி முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வரிசை நகரவில்லை. மாஸ்டரும் விடவில்லை. நான்காவது நிமிஷம் எதிரே திரையில் சிவப்பாக ஏதோ எரிந்தது. 'கிணிங்' என்றது. கருகிய வாசனை மெல்ல உள்ளே வந்தது.

"மாஸ்டர், 'கிளட்ச் சூடு அதிகம்'னு எழுதுது."

கிளட்ச் என்ற சொல்லைக் கேட்டதும் மாஸ்டருக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. இருக்கிறது! எங்கோ இருக்கிறது!

"சூடு ஏறினாதான் சம்பந்தி வண்டி பழகும்" என்றார். வண்டி அதை ஏற்கவில்லை. குலுங்கிக் குலுங்கிப் பாலத்தைத் தாண்டியதும், 'ஓரமாக நிறுத்தவும்' என்று கட்டளையே போட்டுவிட்டது.

மர நிழலில் நிறுத்தினார்கள். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் கேட்கும் குரலில் கேட்டார்.

"தெரியாமக் கேக்கல சம்பந்தி. நீங்க எப்படிப் புரிஞ்சு வெச்சிருக்கீங்கன்னு பாக்கறேன். டூயல் கிளட்ச்னா என்ன?"

சம்பந்தி சட்டென்று முதுகை நிமிர்த்தி, கைகளைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்.

"உள்ள ரெண்டு கிளட்ச் இருக்கு. ஒண்ணு, ஒண்ணாவது, மூணாவது, அஞ்சாவது கியரைப் பாத்துக்கும். இன்னொண்ணு ரெண்டு, நாலு, ஆறு. நாம ரெண்டாவதுல போய்க்கிட்டு இருக்கும்போதே மூணாவது தயாரா மாட்டியிருக்கும். இது விடுற அதே நேரத்துல அது பிடிச்சுக்கும். நடுவுல இழுவை அறுபடவே அறுபடாது. அதான் இந்த வேகம். எப்பேர்ப்பட்ட டிரைவர் கையால கியர் மாத்தினாலும் இதுக்கு ஈடு கொடுக்க முடியாதாம். ஆனா ஒண்ணு, நெரிசல்ல ஊர்ந்தாலோ ஏத்தத்துல ஆக்சிலரேட்டர்ல பிடிச்சு நிறுத்தினாலோ சூடாயிடும்."

"கால்?"

"கால் எதுக்கு? எல்லாத்தையும் அதுவே பண்ணிக்கும்."

மாஸ்டர் தொடைக்கு அடியிலிருந்து இடது காலை மெல்ல வெளியே எடுத்து நீட்டினார். மரத்துப்போயிருந்தது. நீவிவிட்டார். இருபத்தாறு வருஷம் ஒரு நாள் விடாமல் உழைத்த காலுக்கு அந்த மரத்தடியில் ஓய்வு உத்தரவு வந்திருந்தது. 'நாளைக்கு எல்லா வண்டியும் இப்படி ஆகிட்டா நான் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்?' என்ற நினைப்பு வந்தது. ஆனாலும், ஒன்று விடும்போதே இன்னொன்று பிடித்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை மனதுக்குள் மெச்சாமல் இருக்க முடியவில்லை. எவனோ ஒருத்தன் கிளட்ச்சின் அருமை தெரிந்துதான் செய்திருக்கிறான்.

கால் மணி நேரத்தில் சிவப்பு அணைந்தது. திரும்பும் வழியில் இடது காலுக்கு ஒரு புது ஏற்பாடு செய்தார் மாஸ்டர். சும்மா விடுவதால்தானே வம்பு? பிரேக்கிலேயே வைத்து, அதற்கென்று ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால்?

அகலமான சாலை. சிக்னல் சிவப்பு. இடது கால் பிரேக்கில் கெட்டியாக இருந்தது. மறுபடி ஏதோ 'கிணிங்' என்றது. அதை அணைக்கலாமென்று பக்கத்திலிருந்த ஒரு பட்டனை அழுத்தினார். அது 'ஸ்போர்ட்' என்ற பட்டன். வண்டியின் குரல் மாறியது. அந்தப் பதற்றத்தில் வலது கால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துவிட்டது.

வண்டி நகரவில்லை. அலறியபடி, ஒரே சுருதியில், எதற்கோ காத்திருந்தது.

"மாஸ்டர்," என்றார் சம்பந்தி மெல்லிய குரலில், "பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேத்து மிதிச்சா, பந்தயத்துல கிளம்பற மாதிரி..."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். மாஸ்டர் இடது காலை எடுத்தார்.

வண்டி போனது என்று சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்தது. சிக்னல், பூங்கா, பள்ளிக்கூடத்துச் சுவர், நாலு கடைகள் எல்லாம் ஒரே கோடாகின. இரண்டு, மூன்று, நான்கு என்று கியர்கள் விழுந்ததே தெரியவில்லை. முதுகில் வைத்த கையை யாரும் எடுக்கவே இல்லாததுபோல ஒரே தள்ளல். "அம்மாடி!" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையதா சம்பந்தியுடையதா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

அப்போது இடது கால் தன் பழைய வேலையைச் செய்தது. அன்றைக்கு முதல்முறையாக அது செய்தது சரியாக இருந்தது. மூடிக் கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் முன் வண்டி தேய்த்துக்கொண்டு நின்றது.

மாஸ்டர் பட்டனை அழுத்தி வண்டியை அணைத்தார்.

"சம்பந்தி," என்றார் மாஸ்டர், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "எனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது. நான் சொன்ன ரெண்டு கிளட்ச் வேற. ஜம்பத்துக்கு ஒத்துக்கிட்டேன். என்மேல இருக்கற கோபத்தைப் பிள்ளைங்க மேல காட்டிடாதீங்க. என் பொண்ணு பொய் பேச மாட்டா. நீங்களே ஓட்டுங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

சம்பந்தி திடுக்கிட்டார். "நானா? மாஸ்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் ஓட்டறதாவது?"

"பரவாயில்ல சம்பந்தி."

"அதில்ல. கண்ணாடி எடுத்துட்டு வரல."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. என் பக்கத்தில் உட்காரக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார் மாஸ்டர். சம்பந்தி கதவைத் திறந்து இறங்கினார். பத்தடி தள்ளிப் போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு போனில் ரகசியமாகப் பேசினார். "உடனே வா" என்பது மட்டும் காதில் விழுந்தது.

முடிந்தது. மகளிடம் என்ன சொல்வது என்று மாஸ்டர் வார்த்தைகளைத் தேடினார்.

இருபது நிமிஷத்தில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. சம்பந்தியம்மா மட்டும் இறங்கினார். நேராக வந்து சாவிக்குக் கை நீட்டினார். மாஸ்டர் இறங்கி, தலை குனிந்து கொடுத்தார்.

"மன்னிச்சுடுங்கம்மா. எல்லாம் என்னாலதான்."

சம்பந்தியம்மா கைப்பையை இருக்கையில் எறிந்துவிட்டு, ஸ்டியரிங்கின் முன் லாகவமாக உட்கார்ந்தார். சம்பந்தியோ டாக்ஸிக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு, சொல்லாதே சொல்லாதே என்று கையால் கெஞ்சினார்.

"நீங்க ஏன் சம்பந்தி கலங்கறீங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்காது, இருபது வருஷத்துக்கு முன்னாடி உங்க ஸ்கூல்ல சேந்து, கிளட்ச்சுக்குப் பயந்து ரெண்டாவது நாளே ஓடி வந்த மனுஷன் இவரு. இன்னைக்கு வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல, உங்க வீட்டு வாசல் வரைக்கும் இந்த வண்டியை ஓட்டிட்டு வந்ததே நான்தான்!"